ஹாம்பர்கின் பிரிட்டிஷ் பாரில் நான் பார்க்காதவை

கடந்த மே மாதம், வியாழக்கிழமை விடுமுறையோடு வெள்ளியையும் சேர்த்து விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் மனைவி ஹேமாவும் ஹாம்பர்க் போனோம். இரண்டு இரவுகள். போனது ஒரே ஒரு ஹோட்டலைப் பார்க்க. சரியாகச் சொன்னால், அந்த ஹோட்டலின் தரைத்தளத்தில் பிரிட்டிஷ் பாணியில் அமைத்திருக்கும் உணவகத்தையும் பாரையும் பார்க்க. துறைமுகம், மீன் சந்தை, படகுச் சவாரி என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். எதையும் பார்க்கவில்லை.

நான் மியூனிக்கில் உள் அலங்கார வடிவமைப்பாளராக வேலை பார்க்கிறேன் என்பது இந்த வலைப்பதிவைப் படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு: பெயர் முரளி, ஊர் திருச்சி, போகிற ஊரிலெல்லாம் கோயிலையும் கோட்டையையும் விட்டுவிட்டு ஹோட்டல் வரவேற்பறையை அளந்துகொண்டிருப்பவன். வசந்த காலத்தில் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு வேலை வந்தது. மலையடிவாரத்தில் ஒரு குடும்ப ஹோட்டல். அதன் கீழ்த்தளத்தை அசல் பிரிட்டிஷ் உணவகமும் பாருமாக மாற்ற வேண்டும். பொறுப்பு என்னுடையது. நானோ பிரிட்டனை மிதித்ததே இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வாங்கி வருவதற்குள் வரைபடம் கொடுக்க வேண்டிய நாள் போய்விடும். "ஹாம்பர்க் போ. ஆங்கிலேயர்களைவிடப் பெரிய ஆங்கிலேயர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்" என்றார் எங்கள் மேலாளர்.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு மூன்று வாரம் முன்பு கண் மருத்துவர் என் இரண்டு கண்களையும் சோதித்துவிட்டு, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஒரு கறுப்பு வட்டம், நடுவில் சின்னதாக வெள்ளை. அந்த வெள்ளைதான் எனக்கு மிச்சம் இருக்கும் பார்வை. விழித்திரை ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பழுதாகிக்கொண்டே வருகிறது, பிறப்பிலேயே வந்த நோய், என் வகைக்கு இப்போது மருந்து இல்லை. இருட்டில் தடுமாறுவதைப் பல வருடமாக மாலைக்கண் என்று சொல்லிச் சமாளித்துவந்தேன். சோதனைக்குப் போனது ஹேமாவுக்குத் தெரியும்; அவளிடமும் அதையே சொன்னேன். அவர் இரண்டு விஷயங்கள் சொன்னார். இன்று முதல் கார் ஓட்டக்கூடாது. பார்க்க ஆசைப்படுவது ஏதாவது இருந்தால் தள்ளிப்போட வேண்டாம்.

இரண்டாவதைக் கேட்டேன். முதலாவதைக் கேட்கவில்லை.

புதன்கிழமை மாலை 6.20க்கு மியூனிக்கிலிருந்து கிளம்பினோம். ஆறு வயது மகள் யாழினியை எர்லாங்கனில் ஹேமாவின் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, மறுநாள் அங்கிருந்து ரயில் பிடிப்பது திட்டம். 190 கிலோமீட்டர். ஹேமாவுக்கு இங்கே லைசென்ஸ் இல்லை, ஆகவே நான்தான் ஓட்டினேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. சாலையின் வெள்ளைக் கோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். வலது பக்கம் ஒரு லாரி இருந்ததை அதன் ஹாரன் சத்தத்தில்தான் அறிந்தேன். "என்ன யோசனை உனக்கு?" என்று ஹேமா அதட்டினாள். பின் இருக்கையில் யாழினி பாடிக்கொண்டிருந்தாள். இதை எழுதக் கூசுகிறது. ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதை எழுதினால் பொய்.

வியாழன் காலை 8.15க்கு எர்லாங்கனிலிருந்து நியூரன்பெர்குக்கு உள்ளூர் ரயில், இருபது நிமிடம். அங்கிருந்து 9 மணிக்கு ஹாம்பர்குக்கு நேரடி விரைவு ரயில். முன்கூட்டியே எடுத்ததால் ஆளுக்கு 45.90 யூரோ. ஏறக்குறைய நாலே முக்கால் மணி நேரம். இறங்கும்போது நடைமேடையில் யாருடைய பெட்டியிலோ இடறினேன். "போனைப் பாக்காம நட" என்றாள் ஹேமா. என் கையில் போன் இல்லை. அவளும் அதைக் கவனிக்கவில்லை.

நிலையத்திலிருந்து ஹோட்டல் ஒன்றரைக் கிலோமீட்டர். ஏரிக்கரையோரம் நடந்தால் இருபத்தைந்து நிமிடம். அறை ஓர் இரவுக்கு 168 யூரோ, காலை உணவு தனி. ஹோட்டலின் பெயரைச் சொல்லவில்லை. நான் எழுதப்போகும் சில விஷயங்கள் அவர்களுக்குப் பிடிக்காது. அதைவிட, அங்கே வேலை பார்க்கும் ஒருவருக்குத் தொல்லை வந்துவிடக்கூடாது.

மாலை 3.30க்குத் தேநீருக்கு முன்பதிவு செய்திருந்தேன். ஆளுக்கு 34 யூரோ. மூன்றடுக்குத் தட்டில் சின்ன சான்ட்விச், ஸ்கோன், கேக். உணவகம் நல்ல வெளிச்சமாக இருந்தது. ஏரியைப் பார்த்த ஐந்து பெரிய ஜன்னல்கள். சுவரில் நெஞ்சு உயரம் வரை மரப்பலகை (1.34 மீட்டர், அளந்தேன்), அதற்கு மேலே மங்கிய பச்சை. சுவர் முழுக்க நரி வேட்டை, குதிரை, நாய் ஓவியங்கள். தரையில் ஸ்காட்லாந்துக் கட்டம் போட்ட கம்பளம். நாற்காலிகளின் சிவப்புத் தோலைப் பித்தளை ஆணிகள் வரிசையாகப் பிடித்திருந்தன. கூரையின் நான்கு ஓரமும் சுதைவேலைப்பாடு. கணப்புக்குப் பக்கத்தில் விறகு அடுக்கியிருந்தார்கள், எரிவதென்னவோ எரிவாயு.

ஓர் அறையைப் பார்ப்பதற்கு எனக்கென்று ஒரு வழக்கம் உண்டு. வாசலிலேயே ஒரு நிமிடம் அசையாமல் நிற்பேன். எதையும் உற்றுப் பார்க்க மாட்டேன். அறை தானாக மொத்தமாக வந்து சேரும்: எங்கே கனம், எங்கே வெளிச்சம், எங்கே உட்காரத் தோன்றுகிறது. பதினாறு வருடமாக அதுதான் என் தொழில். அன்று வாசலில் நின்றேன். ஒரு நாற்காலி வந்தது. தலையைத் திருப்பினேன், ஒரு குதிரை வந்தது. இன்னும் திருப்பினேன், ஒரு திரைச்சீலையின் குஞ்சம். துண்டு துண்டாகவே வந்தன. அறை வரவில்லை. ரயில் களைப்பு என்று சொல்லிக்கொண்டேன். ஸ்கோன் நன்றாக இருந்தது. ஹேமா இரண்டு சாப்பிட்டாள்.

பாருக்கு 7.40க்குப் போனோம். மே மாதம் என்பதால் வெளியே இன்னும் வெயில். ஆனால் பிரிட்டிஷ் பார் என்றால் இருட்டாக இருக்க வேண்டும். அதுதான் அதன் இலக்கணம். கரும்பச்சைச் சுவர், கறுப்புக்குப் பக்கத்தில் போன மஹாகனி மரம், மேசைக்கு ஒரு குட்டை விளக்கு, அதற்கும் தடித்த துணி உறை. கனமான வெல்வெட் திரையை விலக்கி உள்ளே காலெடுத்து வைத்தேன். எதுவுமே தெரியவில்லை. விளக்குகள் இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து மஞ்சள் பொட்டுகள், மற்றதெல்லாம் கறுப்பு. வாசலை அடுத்து தரை ஒரு படி கீழே இறங்குகிறது. அது எனக்குத் தெரியவில்லை.

விழுந்தது ஒரு வயதான தம்பதியின் மேசை மேல். இரண்டு விஸ்கி டம்ளர்கள் உடைந்தன. அந்த அம்மாளின் வெளிர் நிற உடை நனைந்துவிட்டது. "தலையில் கண் இல்லையா உமக்கு?" என்று பெரியவர் கத்தினார். ஜெர்மனில் சாதாரணமாகத் திட்டும் வசைதான் அது. எனக்கு மட்டும் அன்று அது வேறாகக் கேட்டது. "இப்போதே குடித்துவிட்டாரா?" என்று யாரோ சிரித்தார்கள். ஹேமா மன்னிப்புக் கேட்டுக்கொண்டே என் கையைப் பிடித்துத் தூக்கினாள். "என்னடா இது, பாத்து வரக்கூடாதா?" என்று தமிழில் பல்லைக் கடித்தாள்.

"எழும்பாதேங்கோ, கண்ணாடித் துண்டு கிடக்குது" என்று இருட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "கையில அடிபட்டதோ?"

அவர்தான் சிவாஜினி அக்கா (பெயரை மாற்றியிருக்கிறேன்). அந்த பாரின் பொறுப்பாளர். ஐம்பது வயதிருக்கும். யாழ்ப்பாணத்தில் பிறந்து, பதினாறு வயதில் ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனுக்கு வந்து, அங்கேயே ஹோட்டல் தொழிலில் அவுஸ்பில்டுங் (தொழிற்பயிற்சி) முடித்தவர். பெரியவரைச் சமாதானப்படுத்தி வேறு மேசைக்கு மாற்றி, புதிதாக விஸ்கி கொடுத்து, எங்களை மூலையில் ஒரு தோல் சோஃபாவில் உட்கார வைத்தார். கூட்டிப் பெருக்கியதும் எனக்கு ஒரு பியர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றார்.

நான் கையை நீட்டினேன். கிளாஸ் கிடைக்கவில்லை. மேசையின் விளிம்பிலிருந்து விரல்களை நகர்த்திக்கொண்டே போய்த்தான் பிடித்தேன்.

"தம்பி, கேக்கிறன் எண்டு குறை நினைக்காதேங்கோ" என்றார் அக்கா. "உங்களுக்குக் கண் தெரியேல்லையோ?"

ஹேமா சிரித்தாள். "இல்லக்கா, இவருக்கு மாலைக்கண். இருட்டுல கொஞ்சம் தடுமாறுவார், அவ்வளவுதான்."

"இருபது வருசமா இந்த இருட்டுக்க நிண்டு வேலை செய்யிறன், தங்கச்சி. கண் ஏலாத ஆக்கள்தான் கிளாஸை எடுக்க முந்தி இப்பிடி மேசையைத் தடவுவினம்."

அவர் கெடுதல் நினைத்துச் சொல்லவில்லை. அடுத்த மேசையிலிருந்து கூப்பிடவும் போய்விட்டார். ஹேமா என் பக்கம் திரும்பியிருப்பாள். முகம் எனக்குத் தெரியவில்லை, குரல் மட்டும்.

"முரளி. டாக்டர் என்ன சொன்னாங்க?"

சொன்னேன். எல்லாவற்றையும். இருட்டு அதற்கு வசதியாக இருந்தது.

"எப்போ சொன்னாங்க?"

"மூணு வாரம் ஆச்சு."

"மூணு வாரமா? வண்டி ஓட்டலாம்னு சொன்னாங்களா?"

"கூடாதுன்னாங்க."

"அப்போ நேத்து?"

நான் கிளாஸை மேசையில் வைத்தேன்.

"நேத்து மழையில ஓட்டினியே. அந்த லாரி... பின்னாடி யாழினி உட்கார்ந்திருந்தாளே."

"ஓட்டலன்னா ஏன்னு கேப்பியேன்னு..."

"கேட்டிருப்பேன். அதுக்காக?" அவள் குரலை உயர்த்தவில்லை. "சொல்றதுக்கு வெட்கப்பட்டுக்கிட்டு எங்க ரெண்டு பேரையும் கொல்லப் பாத்திருக்க."

அவள் எழுந்து போனாள். போனதை நான் பார்க்கவில்லை. சோஃபா மேலெழும்பியதில் தெரிந்துகொண்டேன். அக்காதான் பிறகு வந்து, முழங்கையைப் பிடித்து, "ஒரு படி இருக்கு, மேல வையுங்கோ" என்று சொல்லி லிஃப்ட் வரை கூட்டிவந்தார். நான் என்ன வேலையாக வந்தேன் என்று கேட்டார். சொன்னேன்.

"அப்ப நாளைக்குக் காலமை பத்து மணிக்கு வாங்கோ. துப்பரவு செய்யேக்க பெரிய லைற் எல்லாம் போடுவினம். நான் சாமான் இறக்க வருவன். வடிவாப் பாக்கலாம்."

மறுநாள் காலை ஹேமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்கவில்லை என்று தெரியும். கூப்பிடத் தைரியம் வராமல் லேசர் அளவுமானியையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

கூரையின் குழல்விளக்குகள் எரியும்போது பிரிட்டிஷ் பார் பாவமாக இருக்கிறது. மஹாகனி என்று நினைத்தது சாயம் ஏற்றிய ஒட்டுப்பலகை. பழைய புத்தகங்கள் நிறைந்த அலமாரியில் முதுகுகளை மட்டும் வெட்டி அட்டையில் ஒட்டியிருக்கிறார்கள். பொத்தான் வைத்துத் தைத்த தோல் சோஃபாக்களின் கைப்பிடியில் கறுப்பு டேப். பார் மேடையின் கீழே ஓடும் பித்தளைக் கம்பி மட்டும் உண்மை. எத்தனையோ பேரின் காலணி பட்டு நடுவில் தேய்ந்து வெளுத்திருந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நாங்கள் எல்லோரும் இப்படித்தான் செய்கிறோம். இருட்டை நம்பித்தான் இந்த அலங்காரமே நிற்கிறது.

அந்தப் படியைக் காட்டினார் சிவாஜினி அக்கா. "உதில மாசத்துக்கு ரெண்டு பேராவது தடக்குப்படுவினம். எத்தினை தரம் சொல்லிப்போட்டன். பிளான் கீறின ஆள் ஒரு நாள் வந்து நிண்டு பாத்தாத்தானே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மலையடிவார ஹோட்டலுக்கு நான் போட்டிருந்த வரைபடத்திலும் பாருக்குள் இறங்க ஒரு படி வைத்திருந்தேன். இறங்கிப் போனால் அறை நம்மை அணைத்துக்கொண்ட மாதிரி ஓர் உணர்வு வரும் என்று வாடிக்கையாளருக்கு விளக்கமும் எழுதியிருந்தேன்.

அவர் பெட்டிகளை இறக்கப் போனதும் அளக்க ஆரம்பித்தேன். பாரிலும் ஒரு கணப்பு இருந்தது; அதிலிருந்து தொடங்கி ஒவ்வொரு சுவராக. வெளிச்சம் இருந்ததால் ஒவ்வொரு துண்டும் தெளிவாகத் தெரிந்தது. தட்டு அளவுக்கு ஒரு துண்டு, அதை ஒட்டி இன்னொரு துண்டு. அரை மணி நேரம் கழித்து நோட்டில் கூட்டிப் பார்த்தேன். அறையின் நீளம் 11 மீட்டர் 40. இடது சுவரில் நான் எழுதியிருந்த அளவுகளின் கூட்டுத்தொகை 8 மீட்டர் 90. இரண்டரை மீட்டரைக் காணவில்லை.

மறுபடி அளந்தேன். அதே கணக்கு. கல்லூரி முதல் வருடத்தில்கூட நான் இப்படி ஒரு வரைபடம் கொடுத்ததில்லை. சுவரில் கையை வைத்துத் தடவிக்கொண்டே நடந்தேன். கை ஓரிடத்தில் சுவரை விட்டது. அங்கே சுவர் உள்வாங்கி, வெல்வெட் இருக்கை போட்ட ஒரு மாடம் இருந்தது. அந்த இருக்கையில் ஹேமா உட்கார்ந்திருந்தாள். கையில் காப்பிக் கோப்பை.

"எப்போ வந்த?"

"நீ அந்தக் கணப்ப அளக்க ஆரம்பிச்சப்போ."

"ஏன் கூப்பிடல?"

"கோவமாத்தான் வந்தேன். நீயா பாத்து வரணும்னு உட்கார்ந்தேன்." அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "ரெண்டு தடவ என்னைத் தாண்டிப் போன. ஒரு தடவ என் மேல லேசர் அடிச்ச. அப்புறம் கூப்பிட வாய் வரல."

அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அழுதாள், நான் அழவில்லை. எனக்கு அந்த இரண்டரை மீட்டர்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. ஓர் அறையில் மனைவி இருப்பதே தெரியாதவன் அந்த அறையை எப்படி வரைவான்? மலையடிவாரத்தில் அறுபது பேர் உட்காரப்போகும் இடத்தை என்னை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

"ஆஃபீஸ்ல சொல்லணும்" என்றாள் ஹேமா.

"சொன்னா வேலை போயிடும்."

"போகும்" என்றாள். ஆறுதலாக வேறு எதுவும் சொல்லவில்லை. பொய் சொல்லத் தெரியாதவள்.

சிவாஜினி அக்கா இரண்டு காப்பிகளோடு வந்தார். எங்கள் முகங்களைப் பார்த்திருப்பார். "குறை நினைக்காதேங்கோ, தம்பி" என்றார். "ராத்திரி நான் வாயை வச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்."

"இல்லக்கா" என்றாள் ஹேமா. "நல்லவேளை கேட்டீங்க."

சனிக்கிழமை 10.05 ரயிலில் திரும்பினோம். ரயிலில் நாங்கள் பேசிக்கொண்டது டிக்கெட்டைக் காட்டச் சொன்னபோது மட்டும். எர்லாங்கனில் தன் அக்கா வீட்டு வாசலிலேயே ஹேமா அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், லாரி உட்பட. கார் அங்கேயே நின்றது. யாழினியைக் கூட்டிக்கொண்டு ரயிலில் மியூனிக் வந்தோம். ஜூலையில் காரை விற்றோம்.

ஜூன் முதல் வாரம் அலுவலகத்தில் சொன்னேன். மரியாதையாகத்தான் நடத்தினார்கள். மலையடிவார வேலை என் சக ஊழியர் ஒருவருக்குப் போனது. ஒப்படைக்கும்போது அந்தப் படியை எடுத்துவிடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன், எடுத்துவிட்டார். நான் இப்போது பொருள் பட்டியல் தட்டச்சு செய்கிறேன். திரையில் எழுத்து பெரிதாக வைத்திருக்கிறேன். என் ஒப்பந்தம் ஆண்டு முடிவோடு முடிகிறது, நீட்டிக்கப்போவதில்லை என்று கடிதம் வந்துவிட்டது. மாற்றுத்திறனாளி அட்டைக்கு அன்ட்ராக் (விண்ணப்பம்) போட்டிருக்கிறேன். அடுத்த டெர்மின் (சந்திப்பு நேரம்) ஜனவரியில். ஆகஸ்டில் எடுத்த கண் சோதனையில் அந்த வெள்ளை வட்டம் இன்னும் சிறுத்திருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: உணவகத்துக்கு மாலை 3 முதல் 5 வரை சரியான நேரம். ஏரிப்பக்க ஜன்னல் மேசை என்று முன்பதிவிலேயே சொல்லுங்கள். இரவு உணவில் மீன் வறுவலும் உருளைக்கிழங்கும் 24.50, பியர் 6.80. பாரில் நாலு மேசைகளுக்குத்தான் முன்பதிவு உண்டு; திரையைத் தாண்டியதும் படி. வயதானவர்களைக் கூட்டிப்போனால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ரயில் டிக்கெட்டை ஆறு வாரம் முன்பு எடுத்தால் பாதி விலை. இருட்டில் தடுமாறுகிறவர்கள் அதற்கு மாலைக்கண் என்று நீங்களாகப் பெயர் வைத்துக்கொள்ளாமல் சோதித்துப் பாருங்கள். சோதித்தால், அன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள். கார் சாவியையும் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

இனி இங்கே அறைகளைப் பற்றி எழுத மாட்டேன். ஆறு வருடம் படித்தவர்களுக்கு நன்றி. அளவுகள் எல்லாம் சரியானவைதான், கடைசி ஒன்றிரண்டு பதிவுகளைத் தவிர. அவற்றை நம்ப வேண்டாம்.

ஹேமா என்னை மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சமைக்கிறாள், மருத்துவமனைக்கு உடன் வருகிறாள், படிவங்களை நிரப்புகிறாள். வீட்டில் ஓர் அறைக்குள் நுழைந்தால் "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்கப் பழகியிருக்கிறேன். நேற்று மாலை கூடத்துக்குள் வந்து கேட்டேன். பதில் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அறையின் எங்கோ ஒரு பக்கத்திலிருந்து, மிகவும் களைத்த குரலில், "இருக்கேன்" என்றாள்.